வரியை ஏற்றுவதா, இறக்குவதா, நாடு பார்த்து ஒப்பந்தம் போடுவதா? குமரி மாவட்டத்து வீட்டுக் கணக்கு

பட்ஜெட்டுக்கு முன்பும் தேர்தலுக்கு முன்பும் குமரி மாவட்டத்திலிருந்து டெல்லிக்குப் போகும் கோரிக்கைகளில் இரண்டு தவறாமல் இருக்கும். குலசேகரம், அருமனை, திற்பரப்பு பக்கத்திலிருந்து, “ரப்பர் இறக்குமதி வரியை ஏற்றுங்கள்.” மார்த்தாண்டம், கருங்கல், புதுக்கடை பக்கத்திலிருந்து, “கச்சா முந்திரி இறக்குமதி வரியை எடுத்துவிடுங்கள்.” இரண்டு மனுவையும் ஒரே எம்.பி.தான் வாங்கிக்கொண்டு போகிறார். பல நேரம் இரண்டும் ஒரே வீட்டுக்காரர்களுக்காகவே எழுதப்பட்டவை. கணவர் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறார். மனைவி காலையில் அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிறார்.

அப்படியானால் அந்த வீடு எதைக் கேட்க வேண்டும்? பேச்சில் திரும்பத் திரும்ப வருவது மூன்று வழிகள். ஒன்று, வரியை ஏற்றி உள்ளூர் விளைச்சலைக் காப்பது. வெளிநாடு நம் சரக்கின் மேல் வரி போட்டால் பதிலுக்கு நாமும் போடுவது இதோடு சேர்ந்தது. இரண்டாவது, வரியை இறக்கி மூலப்பொருளும் சமையல் எண்ணெயும் மலிவாக வர விடுவது. மூன்றாவது, எல்லோருக்கும் ஒரே அளவாக ஏற்றவோ இறக்கவோ செய்யாமல், நாடு நாடாகப் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்வது. நம் மாவட்டத்துக்கு மூன்றாவது வழிதான் ஒத்துவரும் என்பது என் முடிவு. அதிலும் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

வரியைக் கட்டுவது யார்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இறக்குமதி வரியை வெளிநாட்டுக்காரர் கட்டுவதில்லை. தூத்துக்குடியிலோ கொச்சியிலோ சரக்கை இறக்குகிற நம் ஊர் வியாபாரி சுங்கத்தில் கட்டுகிறார். அதைத் தன் லாபத்தில் தாங்கிக்கொள்வாரா, வாங்குகிறவர் தலையில் வைப்பாரா, விற்கிற வெளிநாட்டுக்காரரிடம் விலையைக் குறைக்கச் சொல்வாரா என்பது சந்தையைப் பொறுத்தது. பெரும்பாலும் வாங்குகிறவர் தலையில்தான் வந்து விழுகிறது.

அமெரிக்காவில் 2018இல் இறக்குமதித் துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு வரி போட்டார்கள். அவற்றின் விலை ஏறியது. வரியே போடாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கூடவே ஏறியது, ஏனென்றால் அந்த நாட்டில் இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குகிறார்கள். 2025இல் அதே நாடு ஏறக்குறைய எல்லா நாட்டுச் சரக்குக்கும் வரி போட்டது. நவம்பர் வந்ததும் காப்பி, தேயிலை, வாழைப்பழம், மாட்டிறைச்சி போன்றவற்றுக்கு அந்த வரியை விலக்கிக்கொண்டது. அங்கே மளிகைக் கடை விலையைப் பற்றி மக்கள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். வெளிநாட்டுக்காரர் கட்டுகிற வரி என்றால் அதை விலக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

வரியை ஏற்றினால்: ரப்பர் வீட்டின் கணக்கு

குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் நடப்பதைப் பாருங்கள். இருட்டோடு போய், முந்தைய வெட்டுக்குக் கீழே பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கிறார்கள். ஆழம் கொஞ்சம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. பால் சரிவாக ஓடிச் சிரட்டையில் சொட்டுகிறது. வெயில் ஏறுமுன் எடுத்து, வடிகட்டி, தண்ணீரும் ஆசிடும் சேர்த்துத் தட்டில் உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக அடித்து, வெயிலில் போட்டு, பிறகு புகையில் உலர்த்துகிறார்கள். கடைக்கு எடுத்துப் போனால் வியாபாரி ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் குமிழி இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துத் தரம் சொல்கிறார். ஆர்.எஸ்.எஸ். 4 (புகையில் உலர்த்திய ஷீட்டின் நான்காம் தரம்) என்றால் ஒரு விலை, அதற்குக் கீழே என்றால் வேறு விலை. ஆனால் அந்த விலை குலசேகரத்தில் முடிவாவதில்லை. ரப்பர் வாரியம் தினமும் கோட்டயம் விலையையும் பாங்காக் விலையையும் சேர்த்தே வெளியிடுகிறது. விவரம் தெரிந்த விவசாயி இரண்டையும் பார்க்கிறார்.

ஏன் பாங்காக்? 2023-24இல் இந்தியாவில் விளைந்த இயற்கை ரப்பர் 8.57 லட்சம் டன். தேவையோ 14 லட்சம் டன்னைத் தாண்டியது. மிச்சம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே பாங்காக் விலையோடு கப்பல் கூலியும் வரியும் சேர்த்தால் என்ன வருகிறதோ, அதற்கு மேல் கோட்டயம் விலை அதிக நாள் நிற்காது. டயர் கம்பெனி இறக்குமதிக்குத் திரும்பிவிடும். வரியை ஏற்று என்ற கோரிக்கைக்கு இதுதான் அடிப்படை, அது நியாயமான அடிப்படைதான்.

இப்போதைய வரி என்ன? காய்ந்த ரப்பருக்கு 25 சதவீதம், அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 2015 ஏப்ரலில்தான் 20ஐ 25 ஆக்கினார்கள். இந்த “எது குறைவோ” என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இறக்குமதி விலை கிலோ 200 ரூபாய் என்றால் 25 சதவீதப்படி 50 ரூபாய் வரி வர வேண்டும். 30 ரூபாய் உச்சவரம்பு இருப்பதால் 30தான் வருகிறது, அதாவது 15 சதவீதம். விலை 100க்கு இறங்கினால் வரி 25 ரூபாய். விவசாயி தவிக்கிற நேரத்தில் வரியும் சேர்ந்து இறங்கிவிடுகிறது.

இந்த 25 சதவீதத்தை 40 ஆக்கு, 50 ஆக்கு என்று மேடையில் கேட்பவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. உலக வர்த்தக அமைப்பில் காய்ந்த ரப்பருக்கு இந்தியா ஒப்புக்கொண்ட உச்சவரம்பே 25தான். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் மற்ற நாடுகளோடு உட்கார்ந்து பேசி, வேறு எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் அந்த 30 ரூபாய் வரம்பு நாமே வைத்துக்கொண்டது. அதை எடுத்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 600 கிலோ ஷீட் என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி விலை 200இல் நிற்கும்போது வரம்பை எடுத்தால் கிலோவுக்கு மேலும் 20 ரூபாய் காப்பு. அது முழுதாக விவசாயி கைக்கு வந்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். ரப்பர் வீடு கேட்க வேண்டியது இதைத்தான்.

சரி, அது கிடைத்தால் பிரச்சினை தீர்ந்ததா? தீராது. 2011இல் கிலோ 240 ரூபாய் வரை போன ரப்பர், 2016 தொடக்கத்தில் 100க்குக் கீழே விழுந்தது. 2024 ஆகஸ்டில் மறுபடி 245ஐத் தாண்டியது. 2015 ஏப்ரலுக்குப் பிறகு வரி மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே வரியின் கீழேதான் 100க்குக் குறைந்த விலையும் இருந்தது, 245 ரூபாயும் இருந்தது. கிலோவுக்கு 150 ரூபாய் ஆடிய சந்தையில் வரியால் 30 ரூபாய்க்குத்தான் பதில் சொல்ல முடியும். மீதியைத் தீர்மானிப்பது தாய்லாந்து மழையும், சீனாவில் கார் விற்பனையும், கச்சா எண்ணெய் விலையும். நம் ஊரில் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் ஒரே நாளில் சாய்த்த ரப்பர் மரங்களின் இழப்பை எந்த வரியாலும் ஈடுகட்ட முடியவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ரப்பரில் கொஞ்சம் கார்பனும் வேறு பொருளும் கலந்து ‘கலவை ரப்பர்’ என்று கொண்டுவந்தால் முன்பு வரி குறைவு. 2023 பட்ஜெட்டில் இதையும் 25 சதவீதம் அல்லது 30 ரூபாய் என்று ஆக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாடுகளிலிருந்து வருவதற்குப் பழைய ஒப்பந்தச் சலுகை இருக்கிறது. அதாவது முதல் வழியே கடைசியில் மூன்றாவது வழியில் வந்து முட்டுகிறது.

அப்புறம், வரியால் வரும் கூடுதல் பணம் முதலில் போவது தோட்டக்காரருக்கு. நம் மாவட்டத்தில் சொந்தமாகச் சில சென்ட் வைத்திருப்பவர் உண்டு, பல ஏக்கர் வைத்திருப்பவர் உண்டு, மரமே இல்லாமல் கூலிக்கோ பங்குக்கோ பால் வெட்டுகிறவரும் உண்டு. கடைசி ஆளின் கூலி ஷீட் விலையோடு உடனே ஏறுவதில்லை. விலை விழும்போது வேலை நிற்பது மட்டும் உடனே நடக்கிறது.

பதிலுக்குப் பதில்

இதை நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2018இல் அமெரிக்கா எஃகுக்கும் அலுமினியத்துக்கும் வரி போட்டது; 2019 ஜூனில், நம் சரக்கு பலவற்றை வரியில்லாமல் அங்கே அனுப்ப நமக்கிருந்த பொது முன்னுரிமைச் சலுகையையும் நீக்கியது. இந்தியா அதே மாதம் பாதாம், வால்நட், ஆப்பிள் உள்பட 28 பொருட்களுக்கு வரியை ஏற்றியது. 2023இல் இரண்டு நாடும் பேசித் தீர்த்துக்கொண்டன, ஆப்பிள், பாதாம், வால்நட் மேலிருந்த கூடுதல் வரி எடுக்கப்பட்டது. நான்கு ஆண்டு இழுத்த அந்த விவகாரத்தில் நம் மாவட்டத்துக்குக் கிடைத்தது என்று எதையும் சுட்ட முடியவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் என்று அமெரிக்கா சொன்னபோதும் பழிக்குப் பழி என்ற பேச்சு எழுந்தது. மானம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று பலர் கருதுவது எனக்குப் புரிகிறது. ஆனால் குமரி மாவட்டத்து வீடு ஒன்று இதைக் கேட்டுப் பெறுவதால் அதன் வருமானத்தில் ஒரு ரூபாய் கூடப் போவதில்லை.

அந்த 50 சதவீதத்தில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்காக. ரஷ்ய எண்ணெய் மலிவாக வந்த காலத்தில், 2022 மே முதல் 2024 மார்ச் வரை, பெட்ரோல் பங்க்கில் டீசல் விலை ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. பிறகு 2 ரூபாய் குறைந்தது. முட்டத்திலும் தேங்காய்பட்டணத்திலும் விசைப்படகுக்காரரின் பெரிய செலவே டீசல். விலை ஏறாமல் நின்றதே ஒரு நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மலிவின் பங்கு அவருக்குச் சிறிதளவே வந்தது. தண்டனை வரியால் ஏற்றுமதிக் கம்பெனி கொள்முதலைக் குறைத்தால் அந்த நெருக்கடி நேராக மீன் ஏலத்துக்கு வந்து சேரும். வெளியுறவு முடிவின் ஆதாயமும் சுமையும் ஒரே வீட்டுக்குப் போய்ச் சேராது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வரியை இறக்கினால்: அண்டியாபீசும் அடுப்படியும்

முந்திரிக்கு நம் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கில் ஆலைகள், பெரியதும் சிறியதும். வேலை செய்கிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். வறுத்தோ அவித்தோ வரும் கொட்டையை உடைப்பவர், தோல் உரிப்பவர், தரம் பிரிப்பவர் என்று மூன்று நிலை. உடைக்கும் இடத்தில் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் விரலைப் பொசுக்கும், கையில் கறை நிற்கும். பருப்பு முழுசாக வந்தால் விலை, உடைந்தால் மதிப்பு குறைந்துவிடும். அந்தக் கைத்திறனுக்கு வரும் கொட்டையில் பெரும்பகுதி நம் ஊரில் விளைந்ததல்ல. ஐவரி கோஸ்ட், கானா, தான்சானியா, கினி பிசாவ் என்று ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது.

2016 பட்ஜெட்டில் இந்தக் கச்சா முந்திரிக்கு 5 சதவீத வரி போட்டார்கள். அதற்கு முன் வரியே இல்லை. 2018இல் 2.5 ஆகக் குறைத்தார்கள். ஐந்தும் இரண்டரையும் சின்ன எண்ணாகத் தெரியலாம். கணக்கு போடுங்கள்: ஒரு கிலோ பருப்புக்கு நாலு கிலோவுக்கு மேல் கொட்டை வேண்டும். கொட்டை கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் 5 சதவீதம் கிலோ பருப்புக்கு 24 ரூபாய், 2.5 சதவீதம் 12 ரூபாய். இயந்திரம் வைத்து உடைக்கும் வியட்நாமோடு விலைப்போட்டி போடும் ஆலைக்கு அந்தப் பன்னிரண்டு ரூபாய் பெரிது. போட்டியில் பின்தங்கினால் முதலாளி செய்வது ஒன்றுதான்: வாரத்தில் வேலை நாளைக் குறைப்பார். அந்தப் பெண்ணின் கூலி கிலோக் கணக்கில் என்பதால் அன்றே அவர் வருமானம் குறையும்.

ஆகவே கச்சா முந்திரி வரியை முழுதாக எடுப்பதை நான் தயங்காமல் ஆதரிக்கிறேன். இங்கே காப்பாற்ற வேண்டிய உள்ளூர் முந்திரி விவசாயி இல்லையா என்று கேட்கலாம். பண்ருட்டிப் பக்கம் இருக்கிறார். ஆனால் நாட்டு ஆலைகளின் தேவைக்கு உள்நாட்டு விளைச்சல் போதாது என்பதால் அவர் கொட்டைக்கு வாங்க ஆள் இருந்துகொண்டே இருக்கும். அதே நேரத்தில் ஓடு நீக்கிய பருப்பாக வரும் இறக்குமதிக்கு 2019இல் வரியை 70 சதவீதமாக்கி, முழுப்பருப்புக்குக் கிலோ 720 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையும் வைத்தார்கள். அது நீடிக்க வேண்டும். கொட்டைக்கு வரி வேண்டாம், பருப்புக்கு வேண்டும்: இரண்டும் முரணல்ல, இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பெண்ணின் வேலை நிலைக்கும்.

வரியை எடுத்தாலும் கொட்டை வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதுதான் இப்போதைய கவலை. பெனின் நாடு 2024 ஏப்ரல் முதல் கச்சா முந்திரி ஏற்றுமதியைத் தடுத்தது. அவர்களும் தங்கள் ஊரிலேயே உடைக்க ஆசைப்படுகிறார்கள், தங்கள் பெண்களுக்கும் வேலை வேண்டும் என்கிறார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. மற்ற ஆப்பிரிக்க நாடுகளும் அந்த வழியில் போனால் டெல்லியில் பூஜ்யம் வரி போட்டும் புதுக்கடையில் உடைக்கக் கொட்டை இருக்காது.

அடுப்படிக்கு வருவோம். நம் மாவட்டம் தேங்காய் எண்ணெய் ஊர். ஆனால் பொரிப்பதற்கும் வறுப்பதற்கும் ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பாக்கெட் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அது தீர்ந்தால் கடை எண்ணெய்தான். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலுக்கு அடிப்படை வரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம் ஆக்கினார்கள்; மற்ற தீர்வைகளோடு சேர்த்து 27.5. 2025 மே கடைசியில் அடிப்படை வரி 10 ஆக இறங்கியது. ஒன்பது மாதத்துக்குள் மேலும் கீழும். தென்னை வைத்திருப்பவர்கள் முதல் முடிவை வரவேற்றார்கள், பண்டிகைக்கு முன் எண்ணெய் வாங்கியவர்கள் திட்டினார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு வீடு மாதம் இரண்டு லிட்டர் கடை பாமாயில் வாங்கினால், இறக்குமதி விலை லிட்டர் 90 ரூபாய் என்று வைத்து, 27.5 சதவீத வரியின் சுமை லிட்டருக்கு 25 ரூபாயளவு, ஆண்டுக்கு 600 ரூபாய். ஒரு ஏக்கர் ரப்பருக்குச் சொன்ன 12,000 ரூபாயோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆனால் அந்த 12,000 மரம் இருக்கிற வீட்டுக்கு மட்டும். இந்த 600 எல்லா வீட்டுக்கும். அண்டியாபீஸ் கூலியில் ஓடும் வீட்டுக்கு 600 ரூபாய் சும்மா விட்டுவிடுகிற தொகை அல்ல.

வரிக் குறைப்பு எல்லாம் ஒரே வேகத்தில் வீட்டுக்கு வருவதில்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்துக்கு 15 சதவீதத்திலிருந்து 6 ஆக்கினபோது அன்றே நாகர்கோவில் கடைகளில் பவுன் விலை இறங்கியது, கல்யாண வீட்டுக்காரர்கள் ஓடினார்கள். அப்புறம் உலக விலை ஏறி அந்த ஆதாயத்தை விழுங்கிவிட்டது. எண்ணெயில் குறைப்பு கடைக்கு வரப் பல வாரம் ஆகும். ஏற்றம் மட்டும் மறுநாளே வரும்.

ஒப்பந்தங்கள்: எண்ணெய்க்கும் கடலுக்கும் ஒரே கதை

பாமாயில் வெறும் வரி விஷயமும் அல்ல. 2019 செப்டம்பரில் மலேசியப் பிரதமர் மகாதீர் காஷ்மீர் பற்றி ஐ.நா.வில் பேசினார், பிறகு குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் விமர்சித்தார். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த பாமாயில் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது. அடி மலேசியாவுக்குத்தான். நம் வியாபாரிகள் இந்தோனேசியா பக்கம் திரும்பினார்கள். மே மாதத்துக்குள் மலேசியாவில் ஆட்சி மாறி, அவர்கள் நம்மிடம் ஒரு லட்சம் டன் அரிசி வாங்க ஒப்புக்கொண்டு, உறவு சரியானது. இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் நமக்குப் படிப்பினை எதுவும் இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வந்து சூரியகாந்தி எண்ணெய் வரத்தை நிறுத்தியது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியாவே பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது, மே 23 வரை. நம் மளிகைக் கடைகளில் எண்ணெய் விலை என்ன ஆனது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பலரிடம் வாங்குகிற உறவைக் கையில் வைத்திருப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வீட்டுக்கு நெருக்கமான சான்று இல்லை.

ஒப்பந்தம் என்றாலே நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். காரணம் இருக்கிறது. 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தை ரப்பர், தென்னை, மிளகு விவசாயிகள் மறக்கவில்லை. இயற்கை ரப்பரை அதில் விலக்குப் பட்டியலில் வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் கலவை ரப்பரும் மற்ற ரப்பர் பொருளும் வேறு வாசலில் வந்தன. 2019 நவம்பர் 4 அன்று ஆர்செப் என்ற பெரிய ஆசிய ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியபோது இங்கே பலர் நிம்மதி அடைந்தார்கள். அந்த விலகல் சரி என்றே நானும் நினைக்கிறேன், ஏனென்றால் சீனாவும் உள்ளே இருந்த ஏற்பாடு அது, விலக்குப் பட்டியலைக் காக்கும் வலு நமக்கு இருந்திருக்காது.

எல்லா ஒப்பந்தமும் அப்படி அல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே 1 அன்று ஒன்று நடைமுறைக்கு வந்தது. நம் முந்திரிப் பருப்பை அதிகம் வாங்கும் நாடுகளில் அதுவும் ஒன்று, நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் நாடும் அதுதான். பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் மீன், இறால் பொருட்களுக்கு அங்கே உள்ள வரி நீங்க வழி இருக்கிறது. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியாவுக்கு 50 சதவீதம், வியட்நாமுக்கு 20 சதவீதம் என்று வைத்தபோது, ஒரே சந்தையை நம்பியிருந்த ஏற்றுமதியாளர் தவித்தார். வளைகுடா, ஜப்பான், ஐரோப்பா என்று பிரித்து விற்றவர் சமாளித்தார். அதன்பிறகும் அந்த எண்கள் பேச்சுவார்த்தைக்குப் பேச்சுவார்த்தை மாறிவருகின்றன. மாறுகிற எண்ணை நம்பி யாரும் ஆலைக்குக் கடன் வாங்க முடியாது.

இனி கடலோரம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, நீரோடி. இந்த ஊர்க்காரர்கள் சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்கள். அவர்களுக்கு இறக்குமதி வரி இரண்டாம் பட்சம். முதல் பட்சம், எல்லை தாண்டினால் எதிர்த் தரப்பு நண்பனா இல்லையா என்பது. மாலத்தீவிலும், பிரிட்டன் நிர்வகிக்கும் டியகோ கார்சியா தீவிலும் நம் படகுகள் பிடிபட்ட செய்தி நமக்குப் புதிதல்ல. படகு முடங்கினால் அதன் மேலுள்ள கடன் முடங்காது. வளைகுடாவில் அரபிகளின் படகில் கூலிக்குப் போகிறவர்களும் இந்த ஊர்களில் ஏராளம். 2020இல் கொரோனா வந்தபோது ஈரானில் சிக்கிக்கொண்டவர்களை நினைத்துப் பாருங்கள். ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலாஷ்வா பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டு வந்து இறக்கியது. ஈரானோடு பேசும் நிலையில் இந்தியா இருந்ததால்தான் ஒரு போர்க்கப்பல் அந்தத் துறைமுகத்துக்குள் போக முடிந்தது. அந்த நட்பால் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு ஆதாயம் என்று ரூபாயில் சொல்ல முடியாது, ஆனால் ஆள் திரும்பி வந்தார். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதியபோது அதே கடலோர வீடுகளில் மறுபடி தூக்கம் போனது.

உறவு என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. கார் கம்பெனிகள் காந்தத்துக்குத் தவித்தன. மாற்று தேடும் நாடுகள் ஒன்று சேர்கின்றன, 2023இலேயே இந்தியா அமெரிக்கா தலைமையிலான கனிமக் கூட்டில் சேர்ந்திருந்தது. அந்த அரிய மண் மணவாளக்குறிச்சி முதல் நீரோடி வரை நம் கரை மணலில் இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தபோது கடலோர ஊர்கள் எதிர்த்து நின்றன. கரை அரிப்பையும் கதிர்வீச்சையும் அவர்கள் அஞ்சுகிறார்கள். ஒரு கூட்டணிக்காக நாடு எதைக் கொடுக்கப் போகிறது என்பதை, கொடுக்கப் போகிற ஊரைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. இந்த மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா தோற்கடித்தாரே, அந்தச் சண்டைக்கும் பின்னால் மிளகு வாணிபம் இருந்தது.

எதைக் கேட்பது

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இது. வரியேற்றம் மரம் வைத்திருக்கும் வீட்டுக்கு உதவும், அதுவும் ஒரு அளவுக்கு. வரிக்குறைப்பு அண்டியாபீஸ் பெண்ணுக்கும் அடுப்படிக்கும் உதவும், ஆனால் விற்கும் நாடு கை விரித்தால் பலனில்லை. கடலோர வீட்டுக்கு இரண்டுமே எட்டாது. மூன்று வீட்டையும் தொடுவது மூன்றாவது வழி மட்டும். அதற்கு நான் வைக்கும் நிபந்தனைகள்: எந்த ஒப்பந்தத்திலும் இயற்கை ரப்பரோடு கலவை ரப்பரும் விலக்குப் பட்டியலில் இருக்க வேண்டும், வரி விகிதத்தை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் தொடக் கூடாது, தொடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாமாயிலில் நடந்தது போல ஒன்பது மாதத்துக்குள் ஏற்றி இறக்கினால் தென்னை வைத்தவரும் திட்டமிட முடியாது, கடைக்காரரும் சரக்கு வாங்க முடியாது.

ஒப்பந்தம் முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பது இந்த வழியின் பெரிய குறை. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ரப்பரில் 30 ரூபாய் வரம்பை எடுப்பதும் கச்சா முந்திரி வரியை நீக்குவதும் ஒரே பட்ஜெட்டில் ஒரு அறிவிக்கையில் முடிகிற வேலை, எந்த நாட்டையும் கேட்க வேண்டாம். ஆப்பிரிக்க நாடுகளோடு நீண்ட காலக் கொட்டை வரத்துக்குப் பேசுவது, ஆழ்கடல் மீனவருக்காக மாலத்தீவு, பிரிட்டன், ஈரான், வளைகுடா நாடுகளோடு பிடிபட்டால் விடுவிக்கும் நடைமுறையை எழுத்தில் வாங்குவது ஆகியவை வெளியுறவுத் துறையின் மேசையில் இருக்க வேண்டியவை. நான் கடைசியாகச் சொன்ன இந்த மீனவர் கோரிக்கையை முதலில் வை என்று வள்ளவிளைக்காரர் ஒருவர் கேட்டால் நான் மறுக்க மாட்டேன்.

மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1. நிதி அமைச்சகம் கருத்துக் கேட்பதும் வரிப் பட்டியல் உருவாவதும் அதற்கு முந்தைய மாதங்களில். ரப்பர் வாரியம் கோட்டயத்தில் இருக்கிறது, முந்திரி ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் கொல்லத்தில். இரண்டுமே பஸ்ஸில் போய்வரும் தூரம். ரப்பர் உற்பத்தியாளர் சங்கமும் அண்டியாபீஸ் தொழிலாளர் சங்கமும் தனித்தனியாக மனு கொடுப்பதை விட்டு, வரும் அக்டோபர், நவம்பரில் மீனவர் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு ஒரே மனுவில் இந்த நாலு கோரிக்கைகளையும் எழுதி எம்.பி.யிடம் கொடுக்கலாம். அப்போது, “உங்கள் ஊரிலேயே ஒருவர் ஏற்று என்கிறார், ஒருவர் இறக்கு என்கிறார், நான் எதைக் கேட்பது?” என்று அவர் நம்மிடம் திருப்பிக் கேட்க முடியாது.